குல்மார்க்கில் பனிச்சறுக்கு விளையாட்டின் வரலாறு

குல்மார்க், காஷ்மீரின் பாராமுல்லா மாவட்டத்தில் பீர்பஞ்சால் மலைத்தொடரில் உள்ள மலைவாழிடம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில், ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது. கௌரிமார்க் என்ற பழைய பெயரை, 16ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட யூசுப் ஷா சக், 'மலர்வெளி' எனப் பொருள்படும் குல்மார்க் என்று மாற்றியதாகக் கூறப்படுகிறது. பூக்களால் பெயர் பெற்ற இந்த ஊர் இன்று உலகளவில் அறியப்படுவது பனியால்தான்.

ஆங்கிலேயர்கள் முதலில் இங்கு வந்தது கோடை வெயிலுக்குத் தப்பி. கோல்ஃப் திடலும் தேவாலயமும் அமைத்தார்கள். குளிர்காலத்தில் சறுக்குக் கட்டைகளுடன் மலையேறும் பழக்கம் பின்னர் வந்தது. 1927இல் இந்தியப் பனிச்சறுக்குக் கழகம் இங்கு தொடங்கப்பட்டது. விடுதலைக்குப் பின் அவர்கள் போய்விட்டார்கள், சறுக்குக் கட்டைகள் இராணுவத்தின் கைக்கு மாறின. 1948இல் இராணுவம் இங்கு நிறுவிய பனிச்சறுக்குப் பள்ளியே, பின்னர் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது.

பொதுமக்களுக்கான விளையாட்டாக இதை வளர்க்க நடுவண் அரசு 1960களில் முனைந்தது. 1936இல் சறுக்கோட்ட உலக வாகையரான ஆஸ்திரியாவின் ருடால்ஃப் மாட், இடம் தேர்ந்து தர அழைக்கப்பட்டார். அவர் குல்மார்க்கைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் இங்கு அமைந்தது. 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சறுக்கிய குல் முஸ்தபா தேவ் காஷ்மீரைச் சேர்ந்தவரே.

அடுத்த ஆண்டு முதல் பள்ளத்தாக்கில் வன்முறை மூண்டது. பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் துணையுடன் திட்டமிடப்பட்ட கோண்டோலா (கம்பிவட ஊர்தி) வேலை நின்றுபோனது. முதல் கட்டம் 1998இல்தான் முடிந்தது. குல்மார்க்கிலிருந்து கோங்டூரி வரை செல்வது அது. கோங்டூரியிலிருந்து அஃபர்வத் மலையின் தோள் வரை, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்கு, இரண்டாம் கட்டம் 2005இல் திறக்கப்பட்டது. வெளிநாட்டுச் சறுக்கு வீரர்களும் ஸ்னோபோர்டு வீரர்களும் திரளாக வரத் தொடங்கியது அதன் பிறகுதான். பதப்படுத்தப்பட்ட பாதையில் சறுக்க அவர்கள் வருவதில்லை. மிதிபடாத, மாவு போன்ற பனி ஆழமாகக் கிடக்கும் திறந்த சரிவுகளைத் தேடித்தான் வருகிறார்கள்.

பனி எங்கிருந்து வருகிறது

நம் பள்ளிப் பாடநூலில் 'மேற்கத்திய இடையூறுகள்' என்று ஒரு தலைப்பு உண்டு. 'இடையூறு' என்ற சொல்லைப் பார்த்ததும் ஏதோ கேடு என்றே மாணவர்கள் எண்ணுவார்கள். பஞ்சாபின் கோதுமைக்கு அது வரம் என்று சொன்னால் வியப்பார்கள். குல்மார்க்குக்கும் அதுதான் உயிர். நடுநிலக் கடல் பகுதியில் உருவாகும் தாழ்வழுத்தங்கள், மேலடுக்கு மேற்குக் காற்றோட்டத்தில் மிதந்து கிழக்கே வந்து, பீர்பஞ்சாலில் மோதி மேலெழும்பும்போது பனியாகக் கொட்டுகின்றன. ஒன்று வலுவாக வந்தால் ஓரிரு நாளில் இடுப்பளவு பனி சேரும். வராவிட்டால் வாரக்கணக்கில் வெறும் வெயில்.

காஷ்மீரிகள் டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாளைச் சில்லை கலான் என்பார்கள். கடுங்குளிரின் காலம் அது. அதைத் தொடர்ந்து இருபது நாள் சில்லை குர்த், பத்து நாள் சில்லை பச்சா. அந்த நாற்பது நாளில் விழும் பனியே இறுகி நெடுநாள் நிற்கும். பிந்தி விழுவது விரைவில் உருகிவிடும்.

வறண்ட இடைவெளிக்கு இன்னொரு விளைவும் உண்டு. மெல்லிய பனிப்படலம் கடுங்குளிரில் நெடுநாள் கிடந்தால், அதன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சர்க்கரைபோல உதிரியாகிவிடும். அதன்மேல் திடீரெனப் பெரும்பனி விழுந்தால் அடித்தளம் தாங்காது. ஒருவர் சறுக்கிச் செல்லும் எடைகூட முழுச் சரிவையும் பெயர்த்துவிடக்கூடும். பனியில்லாத மாதம் பாதுகாப்பான மாதம் என்று எண்ணுவது இதனால் தவறாகிறது. கோண்டோலாவை ஒட்டிய பகுதியைக் காவல் குழுவினர் கண்காணிக்கிறார்கள். காற்று மிகுந்தாலோ பனிச்சரிவு அச்சம் இருந்தாலோ மேல்கட்ட ஊர்தி நிறுத்தப்படும். எல்லைக்கு அப்பால் செல்பவர் தம் பொறுப்பில்தான் செல்கிறார்.

2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த படைவீரர்கள்மீது பனிச்சரிவு விழுந்து பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2023 பிப்ரவரி 1இல் அஃபர்வத்தில் போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர். கோடையும் விதிவிலக்கல்ல: 2017 ஜூன் 25 அன்று பலத்த காற்றில் மரம் ஒன்று கோண்டோலாக் கம்பியின்மேல் சாய்ந்ததில் ஏழு பேர் உயிரிழந்தனர்.

அண்மை ஆண்டுகள்

கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் 2020 மார்ச்சில் முதன்முறையாக இங்கு நடந்தன. அருகிலுள்ள தங்மார்க் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான், குல்மார்க்கில் சறுக்குக் கருவிக் கடை வைத்திருந்த தந்தையிடம் நான்கு வயதில் கற்றவர். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர் அவர். பெருஞ்சறுக்கோட்டப் போட்டி நாளில் கண் தெரியாத அளவு பனி கொட்டியது. களமிறங்கியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முடிக்க முடியாமல் வெளியேறினர். அவர் முடித்தார், 45ஆம் இடம். உள்ளூரில் பழகிய வானிலை உதவியிருக்கும் என்றே தோன்றுகிறது.

2024 ஜனவரியில் குல்மார்க் பழுப்புப் புல்வெளியாகக் காய்ந்து கிடந்தது. சறுக்கு வண்டி இழுப்பவர்களும் குதிரைக்காரர்களும் வழிகாட்டிகளும் வேலையின்றி நின்றார்கள். இவர்களுக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பங்கு இந்தச் சில வாரங்களில்தான். மாத இறுதியில் பனி வந்தது. பிப்ரவரி 21இல் கேலோ இந்தியா போட்டிகள் தொடங்கின. மறுநாளே கிலன்மார்க் பக்கம் பனிச்சரிவில் சிக்கி ரஷ்யச் சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார். உடன் சென்ற மற்றவர்கள் மீட்கப்பட்டனர்.

2025இல் பிப்ரவரி 22 அன்று தொடங்கவிருந்த போட்டிகள் போதிய பனி இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டன. அந்த மாதக் கடைசியில் பனி கொட்டியது. மார்ச் 9 முதல் 12 வரை, காஷ்மீரிகள் கணக்கில் சில்லை நாட்கள் எல்லாம் கழிந்த பிறகு, போட்டிகள் நடந்து முடிந்தன.