வெளிப்படுத்தல் கடமையும் பங்குச் சந்தைச் சொற்களும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஆய்வுச் சுருக்கம்

நிறுமங்கள் தம் நிதிநிலையைப் பொதுமக்களுக்கு வெளிப்படுத்த வேண்டும் என்னும் கடமை இந்தியாவில் ஒரே சட்டத்தால் உருவானதன்று. பங்குச் சந்தையின் அடிப்படைச் சொற்களை அவை பொருள் பெற்ற வரலாற்றுச் சூழலோடு பொருத்திக் காணும் இக்கட்டுரை, அக்கடமை வளர்ந்த விதத்தையும் அதன் எல்லையையும் ஆராய்கிறது.

முன்னுரை

பங்கு என்பது ஒரு நிறுமத்தின் மூலதனத்தில் ஒரு கூறு. அக்கூற்றுக்கு ஆவணத்தில் குறிக்கப்படும் தொகை முகமதிப்பு; வாங்குபவரும் விற்பவரும் உடன்படும் தொகை சந்தை விலை. முன்னது நிறுமம் முறைப்படி மாற்றினாலன்றி மாறாதது. பின்னது நாள்தோறும் மாறுவது. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை மக்கள் அளப்பதற்கு நிறுமத்தைப் பற்றிய செய்தி தேவை. அச்செய்தி யாரிடம், எப்போது, எவ்வடிவில் சேர்ந்தது என்பதே வெளிப்படுத்தலின் வரலாறாகும்.

வரையறுத்த பொறுப்பும் பம்பாய் வீழ்ச்சியும்

கூட்டுப் பங்கு நிறுமங்களைப் பதிவு செய்ய 1850ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. 1857ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்த பொறுப்பைக் கொணர்ந்தது. அதன்படி நிறுமம் கடனில் மூழ்கினாலும் பங்குநர் தம் பங்கின் தொகைக்கு மேல் இழக்க வேண்டியதில்லை. கடன் கொடுத்தவர் பங்குநரின் சொந்தச் சொத்தைத் தொட முடியாத நிலையில், நிறுமத்தின் கணக்கு ஒன்றே அவருக்குப் பற்றுக்கோடாயிற்று.

1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போர் இந்தியப் பருத்தியின் விலையை உயர்த்தியது. பம்பாயில் குவிந்த பணம் புதிய நிறுமங்களின் பங்குகளில் பாய்ந்தது. 1865இல் போர் முடிந்ததும் சந்தை சரிந்தது. ரூ.2,850 வரை உயர்ந்திருந்த பம்பாய் வங்கியின் பங்கு ரூ.87க்கு இறங்கியது. 1875இல் பம்பாய்த் தரகர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். அது தரகரின் நடத்தையை ஒழுங்குபடுத்த எழுந்த அமைப்பு; நிறுமம் மக்களுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்னும் வினா அப்போதும் விடையின்றி நின்றது எனலாம்.

சுதேசிக் கப்பல் நிறுமம்

1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் நிறுவிய சுதேசிக் கப்பல் நிறுமத்தின் மூலதனம் ரூ.10 லட்சம். அது ரூ.25 முகமதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பகுக்கப்பட்டது. ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு ரூ.2 லட்சம் அளித்தார்; இது மொத்தப் பங்குகளில் ஐந்தில் ஒன்று. நிறுமம் திரட்ட அனுமதி பெற்ற உச்ச அளவு அங்கீகரிக்கப்பட்ட மூலதனம். பங்குநரிடமிருந்து உண்மையில் வந்து சேர்ந்தது செலுத்தப்பட்ட மூலதனம். இவ்வேறுபாட்டை விளக்க இந்நிறுமம் தக்க சான்றாகும்.

இப்பங்குகளை வாங்கியோர் ஈவுத்தொகையை மட்டும் கருதி வாங்கவில்லை. நாட்டுப்பற்றும் ஒரு காரணமாயிற்று. பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் கட்டணப் போட்டிக்கும் 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டதற்கும் பின்னர், 1911இல் நிறுமம் கலைக்கப்பட்டது. தலைவர்மீது கொண்ட நம்பிக்கை மூலதனத்தைத் திரட்ட வல்லது. ஆனால் தொழிலின் இடர்களை அளந்து காட்ட அதனால் இயலாது.

அனுமதியிலிருந்து வெளிப்படுத்தலுக்கு

1956ஆம் ஆண்டு நிறுமச் சட்டம், கணக்குகள் நிறுமத்தின் நிலையை உண்மையாகவும் நேர்மையாகவும் காட்ட வேண்டும் எனப் பணித்தது. இருப்புநிலைக் குறிப்பின் படிவத்தையும் வகுத்தது. எனினும் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் (1947) புதிய பங்கு வெளியீட்டுக்கு அரசின் அனுமதி வேண்டியிருந்தது. விலை நிர்ணயமும் அக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. 1992இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் 'செபி' சட்ட அதிகாரம் பெற்றது. பங்கு தகுதியானதா என அரசு தீர்மானித்த முறை மாறி, தகவலறிக்கையைப் படித்து முதலீட்டாளரே தீர்மானிக்கும் முறை வந்தது. ஒருவகையில் இது உரிமை. மற்றொரு வகையில் படிப்பவர்மீது ஏற்றப்பட்ட சுமை.

சத்யம் வழக்கு காட்டும் எல்லை

2009 சனவரி 7 அன்று சத்யம் நிறுமத்தின் தலைவர் எழுதிய கடிதம், ரொக்க, வங்கி இருப்பாகக் காட்டப்பட்ட ரூ.5,361 கோடியில் ரூ.5,040 கோடி இல்லாத பணம் என ஒப்புக்கொண்டது. இந்நிறுமம் அறிக்கைகளை வெளியிடாமல் இருந்ததில்லை. அவை தணிக்கை பெற்றவையும் ஆகும். ஆகவே வெளிப்படுத்தல் வேறு, உண்மை வேறு என்பது புலனாயிற்று. 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டம் குறிப்பிட்ட வகை நிறுமங்களில் தணிக்கையாளரைச் சுழற்சி முறையில் மாற்றுவதைக் கட்டாயமாக்கியதை இப்பின்னணியில் நோக்க வேண்டும்.

தமிழில் வெளிப்படுத்தல்

'செபி'யின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் காலாண்டு முடிவுகளை 45 நாட்களுக்குள்ளும் ஆண்டு முடிவுகளை 60 நாட்களுக்குள்ளும் பங்குச் சந்தையிடம் அளிக்கப் பணிக்கின்றன. பங்குடைமை விவரம் காலாண்டு முடிந்த 21 நாட்களுக்குள் தரப்பட வேண்டும். நிதிமுடிவு குறித்த விளம்பரம் ஓர் ஆங்கில நாளிதழிலும், பதிவு அலுவலகம் அமைந்த வட்டார மொழியின் நாளிதழ் ஒன்றிலும் வெளிவர வேண்டும் என 47ஆம் விதி கூறுகிறது. எனவே தமிழ்நாட்டில் பதிவு அலுவலகம் கொண்ட நிறுமங்களின் தமிழ் விளம்பரம், சட்டக் கடமையால் பிறக்கும் உரைநடையாகும்.

இவ்வுரைநடைக்குத் தமிழில் முன்மரபும் உண்டு. நகரத்தார் கணக்கு வழக்கில் 'ஐந்தொகை' பயின்றது. பாடநூல்கள் இன்று 'இருப்புநிலைக் குறிப்பு' என்கின்றன. ஈழத்துக் கணக்கியல் நூல்களில் 'ஐந்தொகை' நிலைபெற்றது. ஒரு கருத்துக்கு இரு சொற்கள் இருப்பது மொழிக்குக் குறையன்று. ஆனால் ஓராண்டின் கணக்கை மறு ஆண்டின் கணக்கோடு ஒப்பிட விழைபவருக்குச் சொல் மாறாதிருத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

வரையறுத்த பொறுப்பு பங்குநரைக் காத்தது. கணக்கு வெளியீடு அக்காப்புக்கு ஈடாகக் கேட்கப்பட்ட விலை எனலாம். அவ்விலை முழுமையாகச் செலுத்தப்பட்டதா என்பதைச் சட்டமும் தணிக்கையும் ஓரளவே உறுதி செய்யும். எஞ்சியதைப் படிப்பவரே ஆராய வேண்டியுள்ளது. தமிழ் நாளிதழ்களில் வெளிவரும் நிதி விளம்பரங்களைத் தொகுத்து அவற்றின் சொல்லாட்சியை ஆராய்வது, கலைச்சொல் ஆய்வுக்கும் சிறு முதலீட்டாளரின் நலனுக்கும் ஒருங்கே பயன் தரும்.