வெல்ட் தையலும் லின் நகரத்துக் கைகளும்

ஆம்பூர் ஷூ தொழிற்சாலை ஒன்றில், லாஸ்டிங் பிரிவில் தொழில் பழகியவன் நான். பிரித்துத் தைக்க இடம் கொடுக்காத பூட்ஸை நல்ல பூட்ஸ் என்று இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. பசையில் ஒட்டிய சோல் தேய்ந்தால் பெரும்பாலும் ஜோடியையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

அப்படிப் பிரித்துத் தைக்க இடம் கொடுப்பது வெல்ட். அது விரலகலத் தோல் வார். முதல் தையல் அந்த வாரையும் மேல்தோலையும் இன்சோலின் அடிப்பக்கத்து விளிம்போடு பிணைக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாரில் அடிசோலைச் சேர்ப்பது இரண்டாவது தையல். சோல் தேய்ந்தால் இரண்டாவதை மட்டும் அறுத்தால் போதும். மேல்தோலைத் தொடவே வேண்டாம். ஐரோப்பியக் கைவினைஞர்கள் இதை வளைந்த குத்தூசியால் துளையிட்டு, மெழுகு பூசிய நூலின் இரு முனைகளையும் ஒரே துளையில் எதிரெதிராக நுழைத்து இழுத்துத் தைத்தார்கள். முனையில் ஊசிக்குப் பதிலாகப் பன்றி மயிர் முறுக்கியிருக்கும். வளைந்த துளைக்குள் வளைந்து போக அதுதான் தோது.

அமெரிக்காவில் லைமன் பிளேக் 1858இல் காப்புரிமை பெற்ற இயந்திரம், இன்சோலையும் அடிசோலையும் ஒரே தையலில் ஊடுருவித் தைத்தது. அந்த உரிமையை வாங்கிய கார்டன் மெக்கே, இயந்திரத்தை வாடகைக்கு விட்டு ஜோடிக்கு இவ்வளவு என்று வசூலித்தார். உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்கு பூட்ஸ் மலைமலையாகத் தேவைப்பட்ட காலம் அது. வேகம் கிடைத்தது, ஆனால் தையல் துளை வழியே ஈரம் உள்ளங்கால் வரை ஏறியது.

பழைய இரட்டைத் தையலை இயந்திரத்துக்குக் கொண்டுவரும் வழியை ஓகஸ்ட் டெஸ்டூவின் வளைந்த ஊசி காட்டியது. 1862இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ரப்பரைப் பதப்படுத்திய சார்ல்ஸ் குட்இயரின் மகன், அப்பாவின் பெயரையே கொண்டவர், அதை 1870களில் வெல்ட் தைக்கும் இயந்திரமாக வளர்த்தெடுத்தார். ஊசி பக்கவாட்டில் நுழைந்து அதே பக்கம் வெளியே வரும். பாதம் படும் இடத்தில் எட்டிப் பார்க்காது.

ஆனால் தைப்பதற்கு முன்னால் லாஸ்டிங் இருக்கிறதே! பாத வடிவக் கட்டையின் மேல் தோலைக் குறடால் இழுத்து, மூக்குப் பக்கம் சுருக்கம் விழாமல் மடித்து, ஆணி அடிக்க வேண்டும். கொஞ்சம் தளர விட்டால் பூட்ஸ் கோணிக்கொள்ளும். மாசசூசெட்ஸின் லின் நகரத்தில் கைதேர்ந்த ஆள் ஒருவர் நாளுக்கு 50 ஜோடி முடிப்பார். மற்றப் பிரிவுகள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் இங்கே வந்து தேங்கி நிற்கும்.

அந்தத் தேக்கத்தை உடைத்தவர் யான் எர்ன்ஸ்ட் மேட்ஸெலிகர். சூரினாமில் கறுப்பினத் தாய்க்கும் டச்சுத் தந்தைக்கும் பிறந்து, லின்னில் ஷூ தொழிலாளியாக இருந்தவர். விரல்கள் தோலை இழுக்கும், மடிக்கும் விதத்தைப் பார்த்துப் பார்த்தே இயந்திரம் கட்டினார். 1883இல் காப்புரிமை வாங்கினார். நாளுக்கு 700 ஜோடி வரை முடியும் என்றானது. 1889இல், 36 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோனது.

சோலில் இன்றும் குட்இயர் பெயரை அச்சடிக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. லாஸ்டிங் மெஷினுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மட்டும், குறடு பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் முன்பே மேட்ஸெலிகரின் பெயரைச் சொல்லிவிடுவேன்.