பச்சை குத்துதல்

தோலில் ஊசியால் குத்தி மை ஏற்றி, அழியாத கோலமோ உருவமோ பெயரோ பதிக்கும் கலை. தமிழகத்தில் இதைத் தொழிலாகக் கொண்டவர்கள் பெரும்பாலும் குறத்தியர். குறி சொல்லவும் கூடை முறம் விற்கவும் ஊர் ஊராகப் போனவர்களின் கையில் ஊசியும் மையும் இருந்தன.

சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் செய்முறையை எழுதி வைத்தார். மஞ்சள்தூளையும் அகத்தியிலையையும் சேர்த்து அரைத்து மெல்லிய துணியில் தடவுவார்கள். அதைத் திரியாகச் சுருட்டி ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படிந்த கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயார். நாலைந்து தையலூசிகளை முனை ஒக்க வைத்துக் கட்டியதுதான் கருவி. குறத்தி மழுங்கிய குச்சியை மையில் தோய்த்துத் தோலில் முதலில் வரைந்துகொண்டு, கோட்டின் மேலேயே குத்திப் போவாள். பிறகு கழுவி, இன்னொரு தரம் மை தேய்த்து, வீக்கம் வராமலிருக்க மஞ்சள் பூசுவாள். குத்தும்போது பாட்டும் உண்டு. வலியை மறக்க வைக்க அதைவிட மலிவான மருந்து இல்லை.

கரிய மை தோலுக்கு அடியில் பச்சையாகவும் நீலமாகவும் தெரிவது ஒளிச்சிதறலால். மையை விழுங்கிய உயிரணுக்கள் மடிந்தாலும் புதியவை அதையே மீண்டும் விழுங்கிக்கொள்கின்றன என்று 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளில் கண்டறிந்தனர். போட்ட நகையைக் கழற்றி விடலாம், பச்சைதான் சாவுக்குப் பிறகும் கூட வரும் என்று கிழவிகள் சொல்வதற்கு அறிவியல் பாதி வழியாவது துணை நிற்கிறது.

புள்ளி, தேள், மீன், பூ, தேர் என வடிவங்கள் பல. கைதேர்ந்தவர்களுக்கு எல்லாம் மனப்பாடம். மற்றவர்கள் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டார்கள். தாயிடமிருந்து மகளுக்கும், ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கும் போன அந்த வடிவங்களை யாரும் தமக்கு மட்டும் என்று சொந்தம் கொண்டாடவில்லை. வாசலில் மாவால் இடும் கம்பிக் கோலமே கையிலும் ஏறியது. மானிடவியலாளர் ஜான் லேயார்ட் 1937இல் ‘ஃபோக்லோர்’ இதழில் வாசற்கோலங்களையும் பச்சை வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீண்ட கட்டுரை எழுதினார். பசிபிக் தீவான மலேகுலாவின் சாவுச் சடங்குகளோடு அவற்றை அவர் முடிச்சுப் போட்டது எல்லோருக்கும் ஏற்புடையதாக இராது. படங்களுக்காகவே அந்தக் கட்டுரையைப் பார்க்கலாம்.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களோடு இந்த வழக்கமும் வந்தது. 1958, 1977 தமிழர் எதிர்ப்பு வன்செயல்களுக்குப் பின், அவர்கள் வழிவந்த மலையகக் குடும்பங்கள் பல வடக்கே வன்னிக்கு இடம்பெயர்ந்தன. பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள தர்மபுரம் அவர்கள் குடியேறிய ஊர்களில் ஒன்று. முன்னங்கையில் பச்சை உள்ள பாட்டிமாரின் ஊர்வழியைத் தேடிப் போனால், வழி பெரும்பாலும் தோட்டத்து லயக் குடியிருப்புக்கும் அதற்கு அப்பால் தமிழகக் கிராமத்துக்கும் போகும்.

1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ’ரெய்லி பச்சை குத்தும் மின்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். எடிசனின் மின்பேனா அதற்கு முன்மாதிரி. அந்த வகைக் கருவி பின்னாளில் தமிழகத் திருவிழாக் கடைகளுக்கும் வந்தது. வடிவங்கள் வரைந்த அட்டையில் விரல் வைத்துக் காட்டினால் போதும், சில நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் ஒரே ஊசி பல கைகளில் இறங்கினால் மஞ்சட்காமாலைக் கிருமியும் பரவும். இன்றைய டாட்டூ கடைகளில் ஆளுக்கொரு புது ஊசி என்பது முதல் விதி.

அரசியலும் இதை விட்டு வைக்கவில்லை. 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சிக்காரர்களைக் கட்சிச் சின்னம் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னபோது கட்சிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. இலங்கையில் சிக்கல் வேறு விதம். தாமரைமேல் அமர்ந்த புத்தரைக் கையில் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் 2014 ஏப்ரலில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதாகி, நாடு கடத்தப்பட்டார். அவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், கைது சட்டப்படியானதல்ல என்று கூறிய உயர் நீதிமன்றம் 2017இல் நட்டஈடும் வழக்குச் செலவுமாக 8 இலட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது.