இரண்டு தண்ணீர்

தேனியில் நான் குடியிருக்கும் வீட்டில் வெந்நீர் போடும் கெய்சர் ஒன்று இருந்தது. இருந்தது என்று இறந்த காலத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷங்கூட முடியவில்லை. ஒரு மார்கழி விடியற்காலையில், நான் தலையில் எண்ணெய் வழிய நிற்கும் வேளை பார்த்து, அது பிராணனை விட்டது.

ரிப்பேர் செய்ய வந்த பையன் உள்ளேயிருந்த கம்பிச் சுருளைக் கழற்றித் தரையில் வைத்தான். சுண்டு விரல் பருமன் இருக்கவேண்டிய குழாய், வெள்ளையும் பழுப்புமாகப் பக்குப் பிடித்து மணிக்கட்டுப் பருமன் ஆகியிருந்தது.

"பூராம் சுண்ணாம்பு சார். போர்த் தண்ணி ஏறுதுல்ல? ஆத்துத் தண்ணி மட்டும் வர்ற வீட்ல இந்தப் பாடு இல்ல" என்றான்.

பக்கில் ஒரு துண்டைப் பெயர்த்து எலுமிச்சம்பழச் சாற்றை விட்டேன். சுருசுருவென்று நுரைத்தது. அதைச் சூளையில் சுட்டு நீர் தெளித்தால் வெற்றிலைக்குத் தடவும் சரக்கேதான். இந்தச் சுண்ணாம்பு என் குளியலறைக்கு வந்த வழியை விசாரித்துக்கொண்டு போனபோது, கம்பம் பள்ளத்தாக்கின் சரித்திரத்தில் பாதி அதற்குள் அடங்கியிருப்பதைக் கண்டேன்.

மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது. அது மண்ணுக்குள் இறங்கும்போது, அங்கே வேர்களும் கிருமிகளும் விடுகிற கரியமில வாயுவை ஏற்றுக்கொள்கிறது. அந்த வாயு கலந்த நீர் சுண்ணாம்புக் கல்லைக் கண்டால் கரைத்துக்கொண்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது; பார்க்கப் பளிங்குபோல இருக்கும். அடுப்பில் ஏற்றிக் காய்ச்சினால் வாயு பறந்துவிடுகிறது. துணையை இழந்த சுண்ணாம்பு பாத்திரத்தின் அடியிலும் கம்பியின் மேலும் படிந்துவிடுகிறது. படிந்த பக்கு சூட்டை வெளியே விடாது. கம்பி தன் சூட்டில் தானே வெந்து அறுந்துபோகிறது. என் கெய்சரின் மரண விசாரணை இவ்வளவுதான்.

மலைக்காட்டில் பெய்து கருங்கல் பாறைமேல் ஓடிவரும் தண்ணீருக்கு இந்தத் தோஷம் இல்லை. மண்ணில் அதிக நாள் தங்குவதில்லை. பாறையிலும் கரைவதற்கு அதிகம் இல்லை. ஆகவே இந்தப் பள்ளத்தாக்கில் எப்போதும் இரண்டு தண்ணீர் உண்டு. ஆற்றில் வருவது ஒன்று, தரைக்கடியில் கிடப்பது ஒன்று. எதில் பருப்பு வேகும், எதில் வேகாது என்பது இங்கே மருமகளாக வந்தவள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம்.

1841-ல் அபர்தீன் நகரத்து ரசாயனப் பேராசிரியர் தாமஸ் கிளார்க் என்பவர் இதைச் சாஸ்திரமாக்கினார். தண்ணீரில் சோப்புக் கரைசலை விட்டுக் குலுக்கி, நுரை நிற்க எவ்வளவு சோப்புச் செலவாகிறது என்று பார்த்துக் கடினத்தை அளந்தார். அந்தச் சுண்ணாம்பை நீக்க அவர் கண்ட வழி இன்னும் வேடிக்கை: தண்ணீரில் மேலும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கலக்குவது! கலந்தது வாயுவைப் பிடித்துக்கொள்ள, இரண்டு சுண்ணாம்பும் சேர்ந்து அடியில் படிந்துவிடும்.

சோப்பு வருவதற்கு முன் உப்புத் தண்ணீர் இவ்வளவு பெரிய குற்றவாளியாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. சீயக்காய் எந்தத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். சலவைத் தொழிலாளி கொண்டுபோன உவர்மண்ணில் சோடா உப்பு இருந்தது. அது தண்ணீரிலுள்ள சுண்ணாம்பைத் தானே பிரித்துவிடும். கிளார்க்கின் பெயரைக் கேளாமலே நம்மவர்கள் தண்ணீரைத் திருத்தி வெளுத்திருக்கிறார்கள். பிறகு சோப்பு வந்தது. நீராவி கொதிகலன் வந்தது. 1928-ல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் போட்டார்கள். நீராவி எஞ்சினும் ஒரு பெரிய வெந்நீர்த் தவலைதானே? பக்குப் பிடிக்காதிருக்க அதன் வயிற்றை அடிக்கடி கழுவிவிட வேண்டியிருந்தது. இன்று அந்த உபத்திரவம் கெய்சருக்கும் துணி துவைக்கும் யந்திரத்துக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் பங்காகிவிட்டது.

இனி மலைத் தண்ணீருக்கு வருகிறேன். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மறித்துக் கிழக்கே திருப்புவது என்பது பழைய யோசனை. 1876-78 தாது வருஷப் பஞ்சம் சர்க்காரை அசைத்தது. 1886-ல் திருவிதாங்கூருடன் 999 வருஷக் குத்தகை எழுதினார்கள். 1887-ல் பென்னிகுயிக் வேலையைத் தொடங்கினார். வெள்ளத்தையும் காய்ச்சலையும் தாண்டி 1895 அக்டோபரில் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகப் பள்ளத்தாக்கில் இறங்கியது. வயலுக்கென்று கொண்டுவந்த நீர்தான், குழாய்க்கும் வந்தது. லோயர் கேம்ப்பிலிருந்து ஆற்றில் எடுத்துக் கம்பம் பக்கத்து ஊர்களுக்கு அனுப்புகிறார்கள்.

இந்த அணையை எதனால் கட்டினார்கள்? சுண்ணாம்பும் சுர்க்கியும் மணலும் கலந்த காரையால். சுர்க்கி என்பது சுட்ட செங்கல் பொடி. சுண்ணாம்புக் கல்லைக் கூடலூருக்கு அப்பால், மலையடிவாரத்துக் குருவனூத்தில் வெட்டினார்கள். கம்பிவடத்தில் தொங்கவிட்டு மலைமேல் ஏற்றினார்கள். அதாவது, கிணற்று நீரைக் கெடுக்கும் அதே சுண்ணாம்பை மலைக்கு அனுப்பி, சுண்ணாம்பில்லாத தண்ணீரைக் கீழே வாங்கிக்கொண்டார்கள். இப்படி ஒரு பண்டமாற்று வேறெங்காவது நடந்திருக்குமா?

ஆனால் சுண்ணாம்பில்லாத தண்ணீர் பசியுள்ள தண்ணீர். என் கெய்சரில் போர்த் தண்ணீர் வைத்துவிட்டுப் போனதை, அங்கே மலைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறது. அணைச் சுவரில் கசிந்த நீர் காரையிலிருந்த சுண்ணாம்பைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைத்தது. 1930-களிலேயே சுவரில் துளை போட்டுச் சிமெண்டுக் கூழைச் செலுத்த வேண்டியதாயிற்று. 1979-ல் கேரளத்தில் பயம் எழுந்தது. நீர்மட்டம் 136 அடிக்கு இறங்கியது. பிறகு மேலே கான்கிரீட் தொப்பி வைத்து, இரும்புக் கம்பிவடங்களால் அணையைப் பாறையோடு பிணைத்து, பின்புறம் கான்கிரீட்டால் முட்டுக்கொடுத்தார்கள். 2014-ல் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு மறுபடி 142 அடியை அனுமதித்தது. மலைக்கு அந்தப் புறம் இருக்கிறவர்களின் பயத்தை நான் பரிகசிக்க மாட்டேன். தலைக்குமேல் தண்ணீர் நிற்கிறவனுக்குத்தான் அது தெரியும். இந்தப் புறத்தின் தாகமும் பொய்யல்ல.

பையன் புதுச் சுருளை மாட்டிவிட்டுப் போனான். பழையதை எறிய மனம் வராமல் மேஜைமேல் வைத்திருக்கிறேன். "அதென்ன குப்பை?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அங்கே மலைமேல், அணைக்குள் இருக்கும் நடைவழியில், கசிந்துவரும் தண்ணீரைப் பிடித்து இன்றும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.