பேர்மூடா வெங்காயமும் அதன் விதையும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் வெங்காய விதை எங்கே கிடைக்கும் என்று வினவினால், அவர் கொட்டிலின் வளையிலே பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும் வெங்காயத்தையே காட்டுவார். அவருக்கு வித்து என்பது குமிழ். சென்ற போகத்தில் விளைந்த வெங்காயத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, உலர்த்தி, அடுத்த போகத்தில் நிலத்தில் ஊன்றுவதே எமது சின்ன வெங்காயச் செய்கையின் மரபு. வெங்காயப் பூவை நாம் அறியாதவர்களல்லர். அதனை ஒடித்து வறை செய்து உண்பவர்கள் நாம். ஆயினும் அப்பூவை முற்றவிட்டு, அதனுள் விளையும் கரிய சிறு விதையை எடுத்து நாற்றுமேடையில் தூவும் வழக்கம் எமது வீட்டுத்தோட்டங்களில் வேரூன்றவில்லை.

வெங்காயத்தின் வரலாற்றில் இவ்வேறுபாடு சிறியதன்று. குமிழால் இனத்தைக் காப்பவனிடம் வித்தும் விளைவும் ஒன்றாகவே இருக்கின்றன. விதையால் இனத்தைக் காப்பவனுக்கோ விளைவு வேறு, விதை வேறு. விளைவை எவரும் பெறலாம். விதையை வைத்திருப்பவன் வேறொருவனாக இருக்கலாம். ஒரு சிறுதீவு தன் பெயரையே ஒரு வெங்காயத்துக்குக் கொடுத்து, அதனாற் செல்வம் பெற்று, பின் அவ்வெங்காயத்தை இழந்த கதையை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

அத்திலாந்திக் சமுத்திரத்தில் வட அகலக்கோடு 32 பாகையளவில் அமைந்துள்ள பேர்மூடா ஏறத்தாழ 21 சதுர மைல் பரப்புடையது. சுண்ணாம்புக்கல்லாலான நிலம், அதன்மேற் பள்ளங்களிற் படிந்த மெல்லிய செம்மண், ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீரை வீட்டுக் கூரையில் ஏந்தித் தொட்டிகளிற் சேர்த்தே அங்குள்ளோர் குடித்து வந்தனர். இவ்வருணனையைப் படிக்கும் வலிகாமத்தவர் எவருக்கும் தமது ஊரின் நினைவு வராதிருக்க முடியாது. ஒரு வேறுபாடு உண்டு. எமக்குக் கிணறுகளும், முன்னாளில் துலாவும், பின்னாளில் நீரிறைக்கும் இயந்திரமும் வாய்த்தன. பேர்மூடாக் கமக்காரன் வானத்தையே நம்பினான்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் குடியேறிய காலந்தொட்டே அங்கு வெங்காயம் பயிரிடப்பட்டதெனினும், நெடுங்காலம் அத்தீவினர் நிலத்தைப் பொருட்படுத்தவில்லை. கப்பல் கட்டுதலும் கடலோடுதலுமே அவர்தம் தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தொழில்கள் தளர்ந்தன. 1834 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 1 ஆம் திகதி அடிமைகள் விடுதலை பெற்றனர். 1839 முதல் 1846 வரை ஆளுநராயிருந்த வில்லியம் றீட், கைவிடப்பட்டுக் கிடந்த நிலத்தை உழுவித்துப் பயிர்ச்செய்கையை ஊக்குவிப்பதைத் தம் பணியாகக் கொண்டார். 1849 நவம்பரில் மதீராத் தீவிலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட போர்த்துக்கேயர் ஒரு கப்பலில் வந்திறங்கினர். அவர்களைத் தொடர்ந்து மேலும் பலர், பெரும்பாலும் அசோரஸ் தீவுகளிலிருந்து, கமத்தொழிலுக்கென அழைத்து வரப்பட்டனர். பேர்மூடாவின் வெங்காயம் என்று பின்னர் புகழ்பெற்றது பெரிதும் இவ்வந்தேறு குடிகளதும், விடுதலை பெற்ற அடிமைகளின் வழித்தோன்றல்களதும் உழைப்பின் விளைவேயாகும். ஏற்றுமதிக் கணக்குகளில் அவர்களின் பெயர்கள் இடம்பெறவில்லை. தோட்டப் பொருளாதாரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் எங்கும் எதிர்கொள்ளும் குறை இது.

அவ்வெங்காயம் தட்டையானது, சாறு மிக்கது, காரம் குறைந்தது. நெடுநாள் வைத்திருக்க இயலாதது. இத்தகைய பொருள் எவ்வாறு நியூயோர்க் சந்தையைக் கைப்பற்றியது? விடை காலத்தில் உள்ளது. வட அமெரிக்காவிற் கோடையில் வளர்த்துக் கூதிர்காலத்தில் எடுத்துச் சேமித்த வெங்காயம், மார்ச், ஏப்பிரல் மாதமளவில் முளைவிட்டும் அழுகியும் தீர்ந்துபோகும். பேர்மூடாவிலோ பனிக்காலமே பயிர்க்காலம். இலையுதிர் காலத்தில் நாற்றிட்ட வெங்காயம் சரியாக அதே இளவேனிலிற் கப்பலேறியது. 1870 களில் நீராவிக் கப்பற் சேவை சீரானபின் சில நாட்களில் அது நியூயோர்க்கை அடைந்தது. பேர்மூடாவினரை 'வெங்காயங்கள்' என்றே பிறர் அழைக்கலாயினர். அவர்களும் அப்பெயரைப் பெருமையுடன் ஏற்றனர். 1877 இல் அத்தீவுக்குச் சென்ற மார்க் ருவெயின் தம் பயணக் குறிப்புகளில் அங்குள்ளோரின் வெங்காயப் பற்றைக் கேலியும் அன்புங் கலந்து எழுதியுள்ளார்.

இங்கு வெங்காயத்தின் இயல்பு பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். வெங்காயம் குமிழிடுவது பகற்பொழுதின் நீளத்தைப் பொறுத்தது. வட ஐரோப்பிய இனங்கள் பகல் பதினான்கு மணித்தியாலமோ அதற்கு மேலோ நீண்டாலன்றிக் குமிழிடா. அவற்றை எமது நாட்டில் நட்டால் தாள் மட்டுமே தழைத்து நிற்கும். மத்தியதரைக் கடலின் தென்பகுதியையும் அத்திலாந்திக் தீவுகளையும் சேர்ந்த இனங்கள் பதினொன்று, பன்னிரண்டு மணித்தியாலப் பகலிலேயே குமிழிடுவன. தாவரங்களுக்கும் பகல் நீளத்துக்குமுள்ள பொதுத்தொடர்பு 1920 இலேயே விஞ்ஞான முறையில் விளக்கப்பட்டது. ஆயின் எந்த இனம் எந்தப் பருவத்துக்கு ஏற்றது என்பதைத் தோட்டக்காரர் அதற்கு முன்னரே பட்டறிவால் அறிந்திருந்தனர்.

அப்படியாயின், பேர்மூடா வெங்காயத்தின் விதை எங்கிருந்து வந்தது? இக்கதையின் முடிச்சு இவ்வினாவில் உள்ளது. அது பேர்மூடாவில் விளைந்ததன்று. கனேரித் தீவுகளுள் ஒன்றான தெனெரீபேயில் விளைந்தது. வெங்காயம் ஈராண்டுப் பயிர். முதலாம் ஆண்டிற் குமிழ், அக்குமிழை மீண்டும் நட்டுக் குளிரிற் சில வாரங்கள் கழிந்தபின் பூவும் விதையும். விதைக்கென விடும் நிலம் விற்பனைக்கு உதவாது. இளவேனிற் சந்தைக்கு முந்திக்கொண்டு ஒவ்வொரு சாண் நிலத்தையும் காசாக்க வேண்டியிருந்த சிறுதீவுக் கமக்காரனுக்கு, வேறொரு தீவிலிருந்து ஆண்டுதோறும் விதையை வாங்குவது இலாபமாகத் தோன்றியிருக்கும். அக்கணக்கிற் பிழை கூற முடியாது. ஆனால் அதன் விளைவு யாதெனில், 'பேர்மூடா' என்பது ஓர் இடத்தின் பயிர்க்குரிய பெயராக இல்லாமல், தெனெரீபே வணிகர் எவருக்கும் விற்கக்கூடிய ஒரு விதைப் பொதியின் பெயராக மாறியமை.

1898 இல் அப்பொதிகளுட் சில ஐக்கிய அமெரிக்காவின் தென் ரெக்சாஸிலுள்ள கொட்டுல்லா என்னும் ஊரை அடைந்தன. அங்கும் பனிக்காலம் மென்மையானது. பேர்மூடாவிலும் தென்திசையில் அமைந்ததால் விளைச்சலும் முற்பட வந்தது. நிலத்துக்கோ எல்லையில்லை. நிலத்தடி நீரும் ஆற்றுநீரும் பாய்ச்சப்பட்டன; கடும் வேலையை மெக்சிக்கத் தொழிலாளர் குறைந்த கூலிக்குச் செய்தனர்; புகைவண்டி நேரே வடக்கே ஏற்றிச் சென்றது. ரெக்சாஸ் வெங்காயத்துக்குத் தீர்வை இல்லை. பேர்மூடாவிலிருந்து வரும் வெங்காயமோ அமெரிக்கத் தீர்வைச் சுவரைக் கடக்க வேண்டியிருந்தது. 1890 இலும் 1897 இலும் இயற்றப்பட்ட தீர்வைச் சட்டங்கள் அச்சுவரை உயர்த்தின. இருபதாம் நூற்றாண்டின் முதற் சில பத்தாண்டுகளுக்குள் நியூயோர்க் கடைகளிற் 'பேர்மூடா வெங்காயம்' என்று விற்கப்பட்டதிற் பெரும்பகுதி ரெக்சாஸில் விளைந்தது.

பெயரைத் திருடினர் என்று ரெக்சாஸ்காரரைக் குற்றஞ் சாட்டுவது எளிது. யான் அவ்வாறு கருதவில்லை. அவர்கள் நட்டது பேர்மூடாவினர் நட்ட அதே விதையை. வாங்கியதும் அதே தெனெரீபேயிலிருந்து. பேர்மூடாவுக்கென எஞ்சியிருந்த உரிமை கப்பல் வழியும் பருவமும் மட்டுமே. அவ்விரண்டும் புகைவண்டியினாலும் தீர்வையினாலும் பறிபோயின. பேர்மூடா பின்னர் உல்லாசப் பயணிகளை நம்பி வாழக் கற்றுக்கொண்டது. ஆண்டிறுதி இரவில் சென் ஜோர்ஜ் நகரச் சதுக்கத்தில் ஒளியூட்டிய பெரிய வெங்காய உருவமொன்றை மேலிருந்து இறக்கிப் புத்தாண்டை வரவேற்பது இன்று அங்கு ஒரு விழா.

வென்ற ரெக்சாஸ் கமக்காரரும் விதைக்குத் தெனெரீபேயையே பல்லாண்டுகள் எதிர்பார்த்திருந்தனர் என்பது கவனிக்கற்பாலது. மஞ்சள், வெள்ளை, பளிங்கு போன்ற 'கிறிஸ்ரல் வக்ஸ்' ஆகிய பேர்மூடா இனங்களின் விதை முழுவதும் கடல் கடந்தே வந்தது. அப்பிடியைத் தளர்த்தியது அரசாங்க ஆய்வுநிலையங்களே. ஸ்பெயினிலிருந்து 1925 இற் பெறப்பட்ட 'கிரானோ' என்னும் இனத்திலிருந்து தெரிவு செய்யப்பட்ட வகை 1944 இல் ரெக்சாஸில் வெளியிடப்பட்டது. பழைய பேர்மூடா இனங்கள் அதன்பின் வயல்களிலிருந்து விரைவில் மறைந்தன.

அதே 1925 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் ஹென்றி ஏ. ஜோன்ஸ் என்னும் ஆய்வாளர், 'இத்தாலியன் ரெட்' இனப் பாத்தியில் மகரந்தம் மலடான ஒரு செடியைக் கண்டார். தன் மகரந்தத்தால் விதை கட்டாத அச்செடி, பூந்தலையிலே சிறு குமிழ்களைத் தோற்றுவித்தது. அக்குமிழ்களை நட்டே அவர் அச்செடியை அழியாமற் காத்தார். நவீன வெங்காய விஞ்ஞானத்தின் பெருந் திருப்பம், எமது கமக்காரர் செய்வது போலக் குமிழை ஊன்றிக் காப்பாற்றப்பட்ட ஒற்றைச் செடியிலிருந்து தொடங்கிற்று என்பது சுவையான செய்தி. அம்மலட்டியல்பு தலைமுறைக்குக் கடத்தப்படும் முறையை ஜோன்ஸும் கிளார்க்கும் 1943 இல் விளக்கினர். அதன் பயனாகக் கலப்பின விதை பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்டது. பேர்மூடாவையும் கிரானோவையும் இணைத்து உருவாக்கிய 'கிரானெக்ஸ்' அவ்வழி வந்ததே. கலப்பினச் செடியிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் விளையாது. ஆகவே விதை விற்பவனிடம் ஆண்டுதோறும் செல்லவேண்டிய நிலை, முன்னர் வசதிக்காக ஏற்றுக்கொள்ளப்பட்டது, இப்போது பயிரின் உடலிலேயே பொறிக்கப்பட்டது.

இதன் மறுபக்கமாகப் பழைய இனங்களை வீட்டுத்தோட்டத்தில் விதையிலிருந்து வளர்த்துப் பேணும் முயற்சி பல நாடுகளில் எழுந்தது. தெனெரீபேயிலேயே, தக்கோரொந்தே பகுதியின் 'குவயொன்ஹே' என்னும் செந்நிறத் தட்டை வெங்காயம், குடும்பங்கள் தாமே விதையெடுத்துக் காத்துவந்த இனமாக வாழ்கின்றது. இத்தகைய பேணல் கேட்பதற்கு எளிதாயினும் செயலிற் கடினமானது. வெங்காய விதை விரைவில் உயிரிழக்கும். சாதாரணமாக ஓராண்டு, ஈராண்டுக்கு மேல் நம்பத்தக்கதன்று. அன்றியும், வெங்காயப் பூவில் மகரந்தம் முன்னர் உதிர, சூல்முடி பின்னரே பக்குவமடைகிறது. ஆதலால் ஈயும் தேனீயும் பூவுக்குப் பூ மகரந்தம் கொணர்தல் வேண்டும். அவை அயல்வீட்டு வேறினத்தின் மகரந்தத்தையும் கொணரும். இரண்டு மூன்று செடிகளை மாத்திரம் விதைக்கு விட்டால் சில தலைமுறைகளில் இனம் நலிவடையும். பல பத்துக் குமிழ்களை விதைக்கென ஒதுக்கும் மனமும் நிலமும் உடையவனே இனத்தைக் காப்பான். யானும் ஒருமுறை பழைய இனமென்று சொல்லி விற்கப்பட்ட விதையை வாங்கிப் பெட்டியில் இட்டு, இருபதுக்கு மூன்று முளைக்கக் கண்டேன். முளைத்த மூன்றும் குமிழிடவில்லை. விதை பழையது, பகலும் அதற்குப் போதவில்லை.

இனி எமது நாட்டின் பக்கம் திரும்பலாம். 1970 க்கும் 1977 க்கும் இடைப்பட்ட காலத்தில் வெங்காயம், செத்தல் மிளகாய் முதலியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டபோது யாழ்ப்பாணக் கமக்காரர் அடைந்த செழிப்பை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். ரெக்சாஸுக்குத் தீர்வைச் சுவர் செய்ததை எமக்கு அத்தடை செய்தது. 1977 இன் பின் இறக்குமதி தளர்த்தப்பட்டதும் அவர்கள் பேர்மூடாவினரின் இடத்திற்கு வந்தனர். ஆயினும் வித்து அவர்கள் கையிலேயே இருந்தது. சந்தை வீழ்ந்த ஆண்டிலும் அடுத்த போகத்துக்கான குமிழ் கொட்டிலிற் தொங்கியது.

மாத்தளை மாவட்டத்திற் 1980 களிலிருந்து பரவிய பெரிய வெங்காயச் செய்கையின் நிலை வேறு. நாம் பம்பாய் வெங்காயம் என வழங்கும் அதற்கு உண்மையான விதை தேவை. அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தது. உள்நாட்டிலேயே விதையெடுக்கும் முயற்சிகளும் நடந்தன. பூக்குங் காலம் மாரிமழையோடு இணைவதாற் பூந்தலைகள் அழுகாதிருக்கப் பொலித்தீன் கூரை அமைத்துக் கமக்காரர் விதை எடுத்தனர். விதை இறக்குமதியைவிடச் செலவு மிகுந்ததெனினும், பேர்மூடாவினர் எழுப்பத் தவறிய வினாவை மாத்தளைக் கமக்காரர் எழுப்பினர் என்பதால் அம்முயற்சி விரிவான ஆய்வுக்குரியது.

குமிழ்வழிப் பேணலிலும் ஓர் ஆபத்து உண்டு. விதையை இரண்டாண்டு பெட்டியில் வைக்கலாம். வித்து வெங்காயம் சில மாதங்களுக்கு மேல் நில்லாது. ஒரு போகம் தவறினால் அந்த வித்து முடிந்தது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி ஒருங்கே இடம்பெயர்ந்தபோது எமது உறவினரான ஒரு தோட்டக்காரர், சைக்கிளின் பின்னே கட்டிய அரிசிப் பையின்மேல் இரண்டு பிடி வித்து வெங்காயத்தை வைத்துக் கட்டினார். வழியிற் பாரம் கூடி அரிசியிற் பாதியை இறக்கவேண்டி வந்தது. வெங்காயத்தை அவர் இறக்கவில்லை. மழை விட்டபின் தங்கியிருந்த வீட்டு வளவின் மணலில் அதனை நட்டார். 1996 ஏப்பிரலில் ஊர் திரும்பியபோது அவரிடம் ஒன்பது பிடி இருந்தது.