குப்பைக்குக் காசு கொடுப்பது யார்?

குப்பைக்கும் ஒரு வரலாறு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அரசர்களின் வரலாறு கல்வெட்டில் கிடைக்கிறது. குப்பையின் வரலாறு வரி இரசீதில் கிடைக்கிறது. ஊர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் எக்காலத்திலும் கருத்து வேற்றுமை இருந்ததில்லை. அதற்கு ஆகும் செலவை யார் தலையில் வைப்பது என்பதில்தான் வழக்கும் வாதமும் எழுந்தன. நம் மலாக்கா மாநிலத்தில் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் மூன்று விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றை இன்று வரிசையாகப் பார்ப்போம். மூன்றாவது விடை இன்னும் பாதியில் நிற்கிறது. அது நம் வீட்டுப் பிள்ளைகளின் உடல்நலத்தோடு சம்பந்தப்பட்டது.

முதல் விடை 1856-ஆம் ஆண்டில் வந்தது. அப்போது மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தன. அவற்றுக்குச் சட்டம் இயற்றும் இடம் கல்கத்தாவாக இருந்தது. அந்த ஆண்டு கல்கத்தாவில் ஒரு துப்புரவுச் சட்டம் நிறைவேறியது. கல்கத்தா, சென்னை, பம்பாய் என்ற மூன்று பட்டணங்களுக்கும், பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா என்ற மூன்று குடியேற்றங்களுக்கும் அது பொதுவான சட்டம். ஆகவே, நம் முன்னோர் பலர் கப்பலேறிய சென்னைப் பட்டணத்தின் தெருவையும், மலாக்கா நகரின் தெருவையும் ஒரே சட்டம்தான் கூட்டச் சொன்னது.

கூட்டச் சொன்னால் போதுமா? கூட்டுகிறவருக்குக் கூலி வேண்டாமா? அதற்காக அதே ஆண்டு நகர வரிகளை மதிப்பிட்டு வசூலிக்க இன்னொரு சட்டமும், இங்குள்ள மூன்று ஊர்களுக்கும் நகராண்மை ஆணையர்களை அமர்த்த வேறொரு சட்டமும் வந்தன. 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி இந்த மூன்று ஊர்களும் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிக்கப்பட்டு இலண்டனின் நேரடிப் பார்வைக்குச் சென்றன. ஆனால், வீட்டுக்குரியவர் வரி கட்டுவது, அந்தப் பணத்தில் நகராண்மை குப்பை அள்ளுவது என்ற ஏற்பாடு மாறவில்லை. இன்று நாம் மதிப்பீட்டு வரி என்று சொல்வதன் வேர் இதுதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோடு மறைந்திருந்தது. வரி எதுவரை வசூலானதோ அதுவரைதான் குப்பை வண்டி வந்தது. கோட்டுக்கு உள்ளே மலாயாவின் நகரங்களில் தெருக் கூட்டியவர்களும், சாக்கடை வாரியவர்களும், வாளி எடுத்தவர்களும் பெரும்பாலும் தென்னிந்தியத் தொழிலாளர்களே. கோட்டுக்கு வெளியே இருந்தவை தோட்டங்கள்.

1896-ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்ற மலாக்கா சீனப் பெருமகனார் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். இந்நாட்டில் வியாபாரத்திற்காக ரப்பர் நடப்பட்ட முதல் இடங்களில் அதுவும் ஒன்று. பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் ரப்பர்க் காடுகள் பரவின. அவற்றோடு லயங்களும் எழுந்தன. ஒரே இனத்தைச் சேர்ந்த மக்களில் ஒரு பகுதியினர் பட்டணத்துக் குப்பையை அள்ளினார்கள். மற்றொரு பகுதியினரின் வாசலுக்குக் குப்பை வண்டியே வரவில்லை.

அப்படியானால் லயத்துக் குப்பைக்கு யார் பொறுப்பு? இங்கே இரண்டாவது விடை பிறந்தது: வேலை கொடுப்பவரே பொறுப்பு. தொழிலாளர் சட்டங்கள் குடியிருப்பு, குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கின. நாடு விடுதலை பெற்ற பிறகு 1966-ஆம் ஆண்டிலும், அதற்குப் பதிலாக 1990-ஆம் ஆண்டிலும் வந்த குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டங்கள் அந்தக் கடமையை உறுதிப்படுத்தின. நடைமுறையில் அது எப்படி இருந்தது? லயத்துக்குப் பின்னால் ஒரு குழி, சாக்கடையைக் கூட்டிக் கழுவ ஓர் ஆள், குழி நிறைந்தால் ஒரு தீக்குச்சி, பிறகு மண்.

அந்தக் காலத்துக் குப்பைக்கு அந்தக் குழி போதுமானதாக இருந்தது. சோற்றுக் கஞ்சி மாட்டுக்குப் போயிற்று. மண்ணெண்ணெய் டின் வாளியாயிற்று. பால் டின் அரிசி அளக்கும் குவளையாயிற்று. எஞ்சியவை வாழை இலையும் சாம்பலும்தான். வேலைக்காட்டிலும் எதையும் வீணாக விட்டதில்லை. மரத்தின் வெட்டில் ஒட்டி உலர்ந்த பாலை உரித்தெடுத்தோம். மங்கில் உறைந்து கிடந்த கட்டிப்பாலைப் பொறுக்கிச் சாக்கில் போட்டோம். அழுக்கும் நாற்றமும் உள்ள பொருள்தான். ஆனாலும் நிறுவைக்கு வைத்தால் இராத்தலுக்கு இவ்வளவு என்று காசு கிடைத்தது. அதனால் அதை யாரும் புல்லில் எறியவில்லை. இந்த ஒட்டுப்பால் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காலம் மாறியது. 1950-ஆம் ஆண்டுகளிலும் 60-ஆம் ஆண்டுகளிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன; துரை போய்ப் பல சிறு முதலாளிகள் வந்தார்கள். ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நின்றது. 1970-ஆம் ஆண்டுகளில் பத்து பெரெண்டாம், தஞ்சோங் கிளிங் ஆகிய இடங்களில் சுதந்திர வர்த்தக வட்டாரங்கள் அமைந்து, அவற்றில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகச் சில்லுகளைப் பார்த்து வேலை செய்யப் போனார்கள்.

அந்தச் சம்பளம் வீட்டுக்குள் புதிய பொருள்களைக் கொண்டுவந்தது. மின்சாரம் வராத லயங்களில்கூட கார் பேட்டரியை வைத்துக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி ஓடியது. பிறகு வண்ணத் தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, வானொலிப் பெட்டி. அதற்கும் பிறகு கணினி, கைத்தொலைபேசி. 2019-ஆம் ஆண்டில் நாட்டின் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. தனிப்பெட்டி பொருத்தப்படாத பழைய தொலைக்காட்சிகள் ஒரே ஆண்டில் வெறும் பெட்டிகளாயின.

இவையும் அதே குழிக்குத்தான் போயின. ஆனால் இவை வாழை இலை அல்ல. பழைய தொலைக்காட்சியின் படக் குழாய்க் கண்ணாடியில் கிலோ கணக்கில் ஈயம் இருக்கும். கார் பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. நீண்ட குழல் விளக்கில் பாதரசம் உண்டு. செம்புக் கம்பிக்காக மின்வடத்தைக் கொளுத்தினால் அதன் மேலுறையிலிருந்து டயாக்சின் என்ற நச்சு எழுகிறது. ஈயம் மண்ணில் மக்காது. கிணற்று நீரிலும் கீரைப் பாத்தியிலும் சேரும். சிறு குழந்தையின் உடலில் அது புகுந்தால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். படிப்பில் பிள்ளை பின்தங்குவதற்குக் காரணம் தெரியாமல் பெற்றோர் அதனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

சட்டம் இதைக் கவனிக்கவில்லையா? ஒரு பாதியைக் கவனித்தது. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 2005-ஆம் ஆண்டில் பட்டியலிடப்பட்ட கழிவுகள் பற்றிய விதிகள் வந்தன. அவற்றில் மின்னணுக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 110 என்று ஓர் எண் கொடுக்கப்பட்டது. தொழிற்சாலை தன் கழிவைக் கணக்கெழுதி, உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அதன் பிடி தொழிற்சாலை வாசலோடு நின்றுவிட்டது. பத்து பெரெண்டாமில் நம் வீட்டுப் பெண் ஒதுக்கிவைத்த பழுதான சில்லுக்குக் கணக்கு உண்டு. அவள் வீட்டில் பழுதான தொலைக்காட்சிக்குக் கணக்கு இல்லை.

குப்பை அள்ளும் நிர்வாகமும் இதற்கிடையில் மாறிவந்தது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் பழைய நகராண்மைகளையும் வட்டார மன்றங்களையும் ஒழுங்குபடுத்தியது. 2007-ஆம் ஆண்டில் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் நிறைவேறி, 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்ற மாநிலங்களில் மலாக்காவும் ஒன்று. அன்று முதல் குப்பை கூட்டரசின் பொறுப்பு. ஒப்பந்த நிறுவனம் அள்ளுகிறது. ஊராட்சி மன்றங்கள் தாம் வசூலிக்கும் வரியிலிருந்து பங்கு செலுத்துகின்றன. 2015 செப்டம்பர் முதல் குப்பையைப் பிரித்து வைப்பதும் கட்டாயமாயிற்று: வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் பெரிய சாமான்களும். அதே ஆண்டு குருபோங் குப்பை மேடு மூடப்பட்டு, சுங்கை ஊடாங்கில் முறைப்படி அமைந்த நிரப்பு நிலம் இயங்கத் தொடங்கியது.

இவ்வளவும் வளர்ச்சிதான். எனினும் 1856-ஆம் ஆண்டின் பழைய கோடு முற்றிலும் அழியவில்லை. வரி கட்டும் வீடமைப்புப் பகுதிக்கு லாரி நாள் தவறாமல் வருகிறது. தோட்டமோ தனியார் நிலம். அங்கே லாரி வருவதும் வராததும் நிர்வாகம் செய்யும் ஏற்பாட்டைப் பொறுத்தது.

இனி மூன்றாவது விடை. பொருளைச் செய்து விற்று இலாபம் பார்த்தவரும் அதன் கடைசிச் செலவில் பங்கேற்க வேண்டும் என்பது அது. தைவானில் 1998-ஆம் ஆண்டு முதல் உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் இதற்கென ஒரு நிதிக்குப் பணம் கட்டுகிறார்கள். ஜப்பானில் 2001-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பழைய தொலைக்காட்சியை ஒப்படைப்பவர் கட்டணம் செலுத்துகிறார். அதை மறுசுழற்சி செய்வது தயாரித்த நிறுவனத்தின் கடமை. ஐரோப்பிய ஒன்றியம் 2003-ஆம் ஆண்டில் உற்பத்தியாளர் பொறுப்பைச் சட்டமாக்கியது. இந்தியாவிலும் 2012-ஆம் ஆண்டு மே முதல் அத்தகைய விதிகள் நடப்பில் உள்ளன. நம் நாட்டின் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், பொருளைத் திரும்பப் பெறும் முறையையும் முன்பணம் பிடித்துத் திருப்பித் தரும் முறையையும் ஏற்படுத்த இடமிருக்கிறது. ஆயினும் வீட்டு மின்னணுக் கழிவுக்கு அது முழு வடிவம் பெறவில்லை.

உலகக் கணக்கையும் கேளுங்கள். 2022-ஆம் ஆண்டில் உலகம் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேர்த்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்குதான். மீதியில் ஒரு பகுதி ஏழை நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. இதைத் தடுக்கவே பாசல் உடன்படிக்கை திருத்தப்பட்டு, 2025 சனவரி முதல் தேதியிலிருந்து எல்லா மின்னணுக் கழிவுக்கும், இறக்குமதி செய்யும் நாட்டின் முன்சம்மதம் தேவை என்றாயிற்று.

இப்போது அந்த ஒட்டுப்பாலை நினைத்துப் பாருங்கள். நிறுவையும் விலையும் இருந்ததால் அது புல்லில் கிடக்கவில்லை. பழைய தொலைக்காட்சிக்கும் பேட்டரிக்கும் அப்படி ஒரு நிறுவையும் விலையும் ஏற்பட்டால் அவையும் குழிக்குப் போகமாட்டா. பழைய இரும்பு வாங்கும் லாரிக்காரர் செம்புக்கு விலை தருகிறார்; ஈயக் கண்ணாடிக்கு அவர் ஏன் விலை தரப்போகிறார்? விலையில்லாத அந்த நச்சுப் பகுதிக்குத்தான் உற்பத்தியாளரின் பணம் வேண்டியிருக்கிறது.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. மின்வடத்தைக் கொளுத்த வேண்டாம். படக் குழாயையும் பேட்டரியையும் உடைக்க வேண்டாம். பிள்ளைகள் கைபடாமல், மழை படாமல் தனியே வையுங்கள். மறுசுழற்சி நாளில் வரும் லாரியிடமோ, சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த சேகரிப்பு நிலையத்திலோ ஒப்படையுங்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் ஒருவராகப் போய்க் கேட்காமல், லயத்தார் எல்லாரும் கையெழுத்திட்டு, மாதம் ஒரு முறையாவது லாரி வர ஏற்பாடு செய்யுமாறு நிர்வாகத்திடமும் ஊராட்சி மன்றத்திடமும் எழுத்தில் கேளுங்கள். பட்டணத்துத் தெருவைக் கூட்டி வைத்த சமூகம் தன் வாசலுக்கும் ஒரு வண்டி கேட்பது சலுகை அன்று, அது நியாயம்.