223 பற்கள்



நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் மில்லிங் மெஷினில் கியர் வெட்டியது மெக்கானிக்கல்காரர்களுக்கு மறந்திருக்காது. நான் வெட்டிய முதல் கியரில் கடைசிப் பல் பாதியாக வந்தது. இண்டெக்சிங் தட்டில் துளைகளை எண்ணும்போது எங்கோ ஒன்றைத் தவறவிட்டிருக்கிறேன். "ஒரு பல்லு பாதின்னா மொத்தச் சக்கரமும் பழைய இரும்புதான் தம்பி" என்றார் இன்ஸ்ட்ரக்டர்.

மெஷினை வைத்துக்கொண்டே நான் கோட்டைவிட்ட அந்த வேலையை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் கையாலேயே செய்திருக்கிறார்.

1900-ஆம் ஆண்டு கிரேக்க நாட்டின் அன்டிகிதெரா தீவருகே, கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள் ஒரு பழங்காலக் கப்பலைக் கண்டார்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் மூழ்கிய கப்பல் அது. சிலைகளோடு பாசி பிடித்த ஒரு வெண்கலக் கட்டியும் மேலே வந்தது. அதற்குள் பற்சக்கரம் இருப்பதை 1902-இல் வலேரியோஸ் ஸ்டாயிஸ் கவனித்தார். பிறகு டெரெக் டி சோலா பிரைஸ் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு ஆராய்ந்து 1974-இல் விரிவாக எழுதினார். 2005-இல் சுமார் 8 டன் எடையுள்ள எக்ஸ்ரே கருவியை ஏதென்ஸ் மியூசியத்துக்கே கொண்டுபோய்ப் படம் எடுத்தார்கள். கிடைத்த துண்டுகளில் 30 பற்சக்கரங்கள்! பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினால் சூரியன், சந்திரன் நிலையையும் கிரகண மாதங்களையும் முள் காட்டும்.

அதில் ஒரு சக்கரத்துக்கு 223 பற்கள். ஏன் 223? அத்தனை சந்திர மாதங்கள், அதாவது 18 வருடம் 11 நாள் 8 மணி நேரம் கழித்து, அதே மாதிரி கிரகணம் திரும்ப வரும். பாபிலோனியர்கள் கண்டறிந்த கணக்கு இது. 2009 ஜூலை 22 காலையில் நம் நாட்டில் பார்த்த சூரிய கிரகணத்துக்கு அடுத்தது 2027 ஆகஸ்ட் 2. மிச்சமுள்ள 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால், அதன் முழு நிழல் இந்தியாவில் விழாமல் ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா பக்கம் போகிறது. அந்த 8 மணி நேரத்தைச் சரிசெய்யக்கூட அந்தப் பெட்டியில் தனி முள் உண்டு!

223 ஒரு பகா எண். சாதாரண இண்டெக்சிங் தட்டில் அது வராது, டிஃபரன்ஷியல் முறைக்குத்தான் போகவேண்டும். அந்த மனிதர் வட்டத்தைக் கையால் பிரித்து, பல் பல்லாக வெட்டியிருக்கிறார். அதைவிட, சந்திரன் வேகமாகவும் மெதுவாகவும் நகர்வதைக் காட்ட ஒரு சக்கரத்தின் ஊசியை இன்னொன்றின் நீள்துளையில் ஓடவிட்டிருக்கிறார். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் சிலிர்ப்போடு ஒரு வருத்தமும் உண்டு. இத்தனை சிக்கலான பல்சக்கர வேலையை அதற்குப் பிறகு ஆயிரம் வருஷத்துக்கு மேல் எங்கேயும் காணோம். 14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் வானியல் கடிகாரங்களில்தான் மறுபடி பார்க்கிறோம். பழைய வெண்கலத்தை உருக்கி வேறு பொருள் செய்வது அந்தக் கால வழக்கம். கடலில் மூழ்கியதால்தான் இது ஒன்று தப்பியது. செய்தவர் பெயர்கூடத் தெரியாது.

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பழைய மெஷினை செட் செய்யத் தெரிந்த பெரியவர் ஓய்வு பெற்றுப் போனார். அவரிடம் யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. அந்த வேலையை மறுபடி கற்க எங்களுக்கு ஆறு மாதம் பிடித்தது. அன்டிகிதெரா கருவி செய்தவராவது தகடுகளில் விளக்கம் பொறித்து வைத்தார்.

ஆகவே தம்பி தங்கைகளே, ஒர்க்‌ஷாப்பில் பெரியவர்கள் சொல்வதை ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் எழுதாதீர்கள். சீனியர்களே, தெரிந்ததைக் கேட்காமலே சொல்லிக்கொடுங்கள். இந்தச் சந்திப்பிலேயே ஆரம்பிக்கலாமே!